புதன்கிழமை ஆங்கிலம்

1

எங்கள் வேலையிடத்தில் அந்த அறிவித்தலை ஒட்டி இந்தக் கிழமையோடு ஒரு வருடம் ஆகிறது. ஊரில் இருப்பவர்களுக்கு இது ஒரு செய்தியே இல்லை. ஆனாலும் அந்த ஒற்றைத் தாள் என்னை வினிபெக்கிலிருந்து பூநகரி வரைக்கும் கொண்டுபோய்விட்டது. அதனால் எழுதுகிறேன்.

நான் வேலை செய்வது ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில். வயதானவர்களைக் குளிக்க வார்ப்பது, உடுப்பு மாற்றுவது, கரண்டியால் உணவூட்டுவது, சக்கர நாற்காலியில் வைத்து யன்னலோரம் கொண்டுபோய் விடுவது என்று பன்னிரண்டு வருடங்களாக இதுதான் என் தொழில். ஒரு காலத்தில் ஒட்டுசுட்டான் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் நான் ஆங்கில ஆசிரியராக இருந்தேன் என்பது அங்கே ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தாலும் அது அவர்களுக்கு ஒன்றும் இல்லை.

எங்கள் இல்லத்துப் பணியாளர்களில் பாதிப்பேர் பிலிப்பைன்சிலிருந்து வந்தவர்கள். படுக்கை விரிக்கும்போதும் ஆளைத் தூக்கும்போதும் தங்களுக்குள் தங்கள் மொழியில் கதைத்துச் சிரிப்பார்கள். படுக்கையில் இருந்த ஒரு மூதாட்டி தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்து மகனிடம் சொல்லியிருக்கிறார். மகன் முறைப்பாடு எழுதிக் கொடுத்தார். அவரில் பிழை சொல்ல முடியாது. இரண்டு நாட்களில் சாப்பாட்டு அறைச் சுவரில் தாள் ஏறியது. வேலை நேரத்தில் வேலை செய்யும் இடங்களில் ஆங்கிலம் மட்டும் பேச வேண்டும், மீறுபவர்கள் மேற்பார்வையாளரைச் சந்திக்க வேண்டும் என்று அதில் இருந்தது.

காலை இடைவேளையில் எல்லோரும் அதன் முன் நின்றோம். சிலர் முணுமுணுத்தார்கள். நெனிதா மட்டும் இரண்டு தரம் வாசித்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்து, இரண்டாவது வரியில் இருந்த ஓர் இலக்கணப் பிழையைத் திருத்திவிட்டுப் போய்க் கோப்பி ஊற்றினார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்திலேயே போய்விட்டது. அந்தத் தாளைப் போன்ற ஒன்றை என் கையாலேயே எழுதியவன் நான்.

2

நெனிதாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அறுபதை நெருங்கும் வயது. நரைத்த முடியை ஆண்பிள்ளை மாதிரிக் கட்டையாக வெட்டியிருப்பார். பிலிப்பைன்சின் வடக்கே ஒரு சிறிய நகரத்துக் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படிப்பித்தவர். அந்தச் சம்பளத்தில் மூன்று பிள்ளைகளை வளர்க்க முடியாமல், வேறு யாருடையவோ பிள்ளையைப் பார்க்கும் வேலைக்கு இங்கே வந்தவர். தன் பிள்ளைகள் வந்து சேர ஏழு வருடம் பிடித்தது என்றும், விமான நிலையத்தில் கடைசி மகன் தன்னிடம் கைகொடுத்துவிட்டுத் தள்ளி நின்றான் என்றும் ஒருநாள் பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னார்.

அவர் கதை எழுதுபவர். ஆங்கிலத்தில் எழுதுகிறார். அமெரிக்கன் வந்து ஆங்கிலம் படிப்பித்த அவருடைய நாட்டில் அப்படி எழுதும் ஆட்கள் இரண்டு மூன்று தலைமுறையாக இருக்கிறார்கள் என்பதே எனக்கு அவரைச் சந்தித்த பிறகுதான் தெரியும். வெள்ளைக்காரன் ஆண்ட நாட்டவர் ஆங்கிலத்தில் எழுதுவது என்றால் எனக்கு இந்தியர்தான் நினைவுக்கு வருவார்கள். அவர் தந்த தொகுப்புகளை பஸ்ஸில் வாசித்தேன். அந்தக் கதைகளில் வரும் மனிதர்கள் ஒரு மொழியில் செபிக்கிறார்கள், இன்னொன்றில் விண்ணப்பம் எழுதுகிறார்கள். கோபம் வரும்போது மட்டும் சொந்த மொழியில் இரண்டு சொல் வந்து விழுகிறது. வெளிநாடு போனவன் திரும்பி வந்து வாசலில் நிற்கிறான், வீட்டில் ஒருவருக்கும் அவனோடு என்ன கதைப்பது என்று தெரியவில்லை. எங்கள் ஆட்களைத்தான் வாசிக்கிறேனோ என்று பல தரம் அட்டையைத் திருப்பிப் பார்த்தேன்.

இடைவேளைகளில் நாங்கள் சொற்களைப் பொறுக்குவோம். சமையலறையை நாங்கள் குசினி என்கிறோம், அவர்கள் 'குசினா' என்கிறார்கள். மேசை அவர்களுக்கு 'மேசா'. காலுக்குப் போடும் சப்பாத்து 'சபாத்தோஸ்'. எங்களுக்குப் போர்த்துக்கேயன் விட்டுப்போனதும் அவர்களுக்கு ஸ்பானியன் விட்டுப்போனதும் அண்ணன் தம்பிச் சாமான்கள். நெனிதாவின் ஊரில் பாதிக்கு மேற்பட்டவர்களின் குடும்பப் பெயர் ஒரே எழுத்தில் தொடங்குமாம். ஸ்பானிய ஆளுநர் பெயர்ப் பட்டியல் ஒன்றைப் புத்தகமாக அனுப்பினார், அதில் ஒரு பக்கத்தைக் கிழித்து எங்கள் ஊருக்குத் தந்தார்கள் என்றார். நான் என் கதையைச் சொன்னேன். என் பெயர் சிவராசா. இங்கே பத்திரங்களில் அப்பாவின் பெயர் குடும்பப் பெயராகிவிட்டதால் எல்லோரும் என்னைக் கறுப்பையா என்று கூப்பிடுகிறார்கள். அதுவும் முழுதாக வாயில் வராமல் 'மிஸ்டர் கரூப்' ஆகிவிட்டது. நெனிதா அதற்கு நிறைய நேரம் சிரித்தார்.

தன் கதைகளைப் பற்றி அவருக்கு ஒரே மனக்குறைதான். அவருடைய அம்மா உயிரோடு இருந்தவரை அவற்றில் ஒரு வரியும் வாசிக்க முடியவில்லை. வாசிக்கக்கூடிய ஒருவருக்கும் அவருடைய அம்மாவைத் தெரியாது.

அறிவித்தல் ஒட்டிய மறுநாள் ஒரு சஞ்சிகையைக் கொண்டுவந்து என் கையில் தந்தார். இங்கே வெளியாகும் சிறிய சஞ்சிகை. அதில் அவருடைய கதை இருந்தது. ஒரு கிராமத்துப் பள்ளி ஆசிரியர். வகுப்பில் ஊர்மொழி பேசும் பிள்ளையின் கழுத்தில் ஓர் அட்டையைத் தொங்கவிடுவார். அடுத்து யார் நழுவுகிறார்களோ அவர்கள் கழுத்துக்கு அது மாறும். அதனால் அட்டை தொங்கும் பிள்ளை, தன் கூட்டாளி எப்போது வாய் தவறுவான் என்று காதைத் தீட்டிக்கொண்டு திரியும். பல வருடங்களின் பின் ஆசிரியருக்குப் பக்கவாதம் வருகிறது. அவருடைய ஆங்கிலம் முழுவதும் அழிந்துபோய் ஊர்மொழி மட்டும் மிஞ்சுகிறது. வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் பேசும் மகள், அப்பாவின் வாயில் அந்தச் சொற்களை முதல்முதலாகக் கேட்கிறாள். மறுமொழி சொல்ல அவளுக்கு அந்த மொழியில் குழந்தைப் பேச்சுத்தான் இருக்கிறது.

அந்த ஆசிரியர் நெனிதாவின் அப்பா. அட்டை, டின்பால் வந்த பெட்டியில் வெட்டியது. பதிப்பாசிரியர் அதை மூங்கில் பலகையாக மாற்ற முடியுமா, அப்போது ஊர் மணம் இன்னும் வரும் என்று கேட்டாராம். நெனிதா மாட்டேன் என்றார்.

நான் சஞ்சிகையை மூடித் திருப்பிக் கொடுத்தேன். நல்லது என்று மட்டும் சொன்னேன். அன்று மிச்ச வேலை நேரம் முழுவதும் அவர் முகத்தைப் பார்க்காமல் திரிந்தேன்.

3

நான் மலைநாட்டில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். ஒன்பது வயதில், கலவரத்தில் நாங்கள் குடியிருந்த லயத்துக்கு நெருப்பு வைத்த பிறகு, ஒரு லொறியில் ஏறி கனகராயன்குளத்துக்கு வந்தோம். அப்பா காட்டை வெட்டி இரண்டு ஏக்கர் நிலம் ஆக்கினார். பள்ளிக்கூடத்தில் முதல் நாள் வாத்தியார் என்னவோ கேட்க, நான் எழுந்து "என்னாங்க" என்றேன். வகுப்பு முழுவதும் சிரித்தது. அன்றிலிருந்து எனக்குத் தோட்டக்காட்டான் என்று பெயர்.

மூன்று மாதத்தில் 'ஓம்' என்றும் 'எண்டு' என்றும் கதைக்கப் பழகிவிட்டேன். வீட்டுக்கு ஒரு பேச்சு, வெளிக்கு ஒரு பேச்சு. ஆனாலும் எங்காவது ஒரு சொல் தவறிவிடும். தவறாவிட்டாலும் வகுப்பு வரவு இடாப்பில் அப்பாவின் பெயரை வாசித்ததும் பிடித்துவிடுவார்கள். அப்போதுதான் ஆங்கிலம் கிடைத்தது. எங்களுக்குப் படிப்பித்த ஆங்கில வாத்தியார் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவர். நான் பாடத்தை உரத்து வாசித்தபோது, இந்தப் பிள்ளையைப் பார்த்துப் பழகுங்கள் என்று மற்றவர்களுக்குச் சொன்னார். தமிழில் வாயைத் திறந்தால் நான் யார் என்று தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் ஒருவராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்த ஒளிவிடத்துக்குள் நான் போய் இருந்துகொண்டேன்.

அப்பாவின் தகப்பனைத் தோட்டத்துக்கு ஏற்றிவந்தவனின் மொழி அது என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை. பிறகு தோன்றியபோதும் அதை விட மனம் வரவில்லை.

4

போர் மறுபடி நெருங்கிக்கொண்டிருந்த காலம். ஒட்டுசுட்டான் பள்ளிக்கூடத்தில் எட்டு ஊர்ப் பிள்ளைகள் இடம்பெயர்ந்து வந்து படித்தார்கள். மரத்துக்குக் கீழும் வகுப்பு நடந்தது. இந்தப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் இருந்தால் எங்காவது போய்ப் பிழைத்துக்கொள்ளும் என்று நான் உண்மையாகவே நம்பினேன். புதன்கிழமைகளை ஆங்கில நாள் ஆக்கினேன். அன்று காலை மணியிலிருந்து கடைசி மணி வரை பள்ளி வளவுக்குள் தமிழ் பேசக்கூடாது. பேசியவர் கழுத்தில் பிஸ்கட் பெட்டி மட்டையில் வெட்டிய ஓர் அட்டை. அதில் 'நான் தமிழ் பேசினேன்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தேன். மிஷன் பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் செய்தார்கள் என்று என் வாத்தியார் பெருமையோடு சொன்னதைக் கேட்டிருந்தேன்.

பத்தாம் வகுப்பில் கயல்விழி என்று ஒரு பிள்ளை. பூநகரியிலிருந்து இடம்பெயர்ந்து வந்த குடும்பம். தகப்பன் கடற்களப்பில் மீன் பிடித்தவர். மெலிந்த பிள்ளை, எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய இரட்டைப் பின்னல். அதற்கு முந்திய வருடம் ஆங்கிலப் பேச்சுப் போட்டியில் இரண்டாம் இடம் எடுத்தவள். சான்றிதழை நான்தான் கையால் எழுதிக் கொடுத்தேன்.

அந்தப் புதன்கிழமை மரத்தடியில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் நிலத்தில் இருந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்த கயல்விழி, "பாம்பு, பாம்பு, தம்பி எழும்படா" என்று கத்தினாள். பொடியன் துள்ளி விலகினான். அவன் இருந்த இடத்தால் ஒரு புடையன் பாம்பு போனது. பெரிய வகுப்புப் பொடியள் அதை அடித்துக் கொன்றார்கள். ஆரவாரம் அடங்கியதும் யாரோ ஒருவன், சேர், அவள் தமிழ் பேசினவள் என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். நானும் சிரித்துவிட்டு விட்டிருக்கலாம்.

சட்டம் எல்லோருக்கும் சட்டம்தான் என்று சொல்லி அட்டையை அவள் கழுத்தில் போட்டேன். அவள் முகத்தில் இருந்த சிரிப்பு போவதற்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. நான் பகிடி விடுகிறேன் என்றுதான் முதலில் நினைத்திருப்பாள். கடைசி மணி அடித்த பிறகும் அவள் அதைக் கழற்றவில்லை. கழுத்தில் போட்டபடியே தெருவால் வீட்டுக்கு நடந்து போனாள்.

அடுத்த புதன்கிழமை வந்தாள், ஒரு சொல்லும் பேசவில்லை. அதற்கடுத்த புதன்கிழமை வரவில்லை. பிறகு மற்ற நாட்களிலும் வரவில்லை. அவர்கள் இருந்த கொட்டில் பள்ளிக்கூடத்திலிருந்து சைக்கிளில் பத்து நிமிடம். நான் போகவில்லை. போக நினைத்த நாள் ஒன்று கூட இருக்கிறது. சைக்கிளில் காற்று இல்லை என்று இருந்துவிட்டேன்.

சில மாதங்களில், பள்ளிக்கூடம் போகாமல் வீட்டில் நின்ற பிள்ளைகளை இயக்கத்தவர்கள் சண்டைக்குக் கொண்டுபோகத் தொடங்கினார்கள். கயல்விழியையும் கொண்டுபோனார்கள் என்று கேள்விப்பட்டேன். பிறகு நாங்கள் எல்லோரும் கிழக்கே ஓடினோம். என் மகள் அபிக்கு அப்போது இரண்டு வயது. முகாமில் இருந்து வெளியே வந்து, மனைவியின் அண்ணன் மூலம் இங்கே வந்து சேர்ந்தபோது, ஒட்டுசுட்டானைப் பற்றி நினைக்காமலிருக்க எனக்கு நல்ல பயிற்சி ஆகியிருந்தது.

5

அபி இப்போது பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். வீட்டில் நாங்கள் தமிழில் கேட்போம், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். அவளுடைய அம்மாவுக்கு அது தீராத கவலை. எனக்கு அதைப் பற்றி வாய் திறக்கும் உரிமை இல்லை என்று உள்ளுக்குள் ஓர் எண்ணம் எப்போதும் இருந்தது.

நெனிதாவிடம் அந்தச் சஞ்சிகையை மறுபடி வாங்கி அவளுக்கு வாசிக்கக் கொடுத்தேன். ஆங்கிலத்தில் எழுதப்படும் பிலிப்பைன்ஸ் புனைகதைகளைப் பற்றிப் பாடத்துக்கு ஒரு கட்டுரை எழுதப்போவதாகச் சொல்லி, நெனிதாவைத் தொலைபேசியில் பேட்டியும் எடுத்தாள். கட்டுரையை எனக்கு வாசித்துக் காட்டினாள். நன்றாகத்தான் எழுதியிருந்தாள். ஆட்சி செய்தவன் போன பிறகும் ஆளப்பட்டவனுக்குள் அவன் குடியிருக்கிறான், அட்டை தொங்கவிடும் ஆசிரியரும் ஒரு வகையில் அட்டை தொங்கும் பிள்ளைதான் என்று விளக்கியிருந்தாள். பின்காலனிய அடையாளம் என்ற சொல் பக்கத்துக்கு இரண்டு தரம் வந்தது.

அப்போதுதான் அவளுக்குக் கயல்விழியைப் பற்றிச் சொன்னேன். என் மனைவிக்கும் அதுவரை சொன்னதில்லை.

அபி கண் கலங்கிப்போய்க் கேட்டாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, அது உங்களுடைய பிழை இல்லை அப்பா, உங்களுக்குள் அதைப் போட்டது ஒரு பெரிய அமைப்பு, நீங்களும் அதால் பாதிக்கப்பட்டவர்தான் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அன்பாகத்தான் சொன்னாள். அவள் சொன்னதில் பொய்யும் இல்லை. ஆனால் அந்த விளக்கத்துக்குள் நான் வசதியாக இருக்க ஓர் இடம் இருந்தது. சின்ன வயதில் ஆங்கிலத்துக்குள் போய் ஒளிந்த மாதிரியே இதற்குள்ளும் ஒளியலாம். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அடுத்த நாள் பஸ் தரிப்பிடத்தில், பூச்சியத்துக்குக் கீழே முப்பது பாகைக் குளிரில், நெனிதாவிடமும் சொன்னேன். அவர் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. என் அப்பா சாகும்வரை ஒரு பிள்ளையிடமும் போய் மன்னிப்புக் கேட்கவில்லை, நான் கதை எழுதினேன், அது வேறு விடயம் என்றார். பிறகு கேட்டார்.

"அந்தப் பிள்ளையின் அம்மா இருக்கிறாரா?"

6

இருந்தார். என்னோடு படிப்பித்த ஒருவரிடம் விசாரித்ததில், கயல்விழியின் அம்மா பரமேஸ்வரி அக்கா பூநகரிக்கே திரும்பிவிட்டார் என்றும், கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் படங்களோடு இருக்கும் தெருவோரக் கொட்டகைக்குக் கிழமையில் இரண்டு நாள் வந்து போகிறார் என்றும் தெரிந்தது. மாசி மாதம் விடுமுறை எடுத்துக்கொண்டு போனேன். கனகராயன்குளத்தில் தம்பி வீட்டில் தங்கி, அங்கிருந்து கிளிநொச்சிக்குப் போய், பூநகரி பஸ்ஸுக்கு இரண்டு மணித்தியாலம் காத்து நின்றேன். வழியெல்லாம் அறுவடை முடிந்த வயல். களப்புப் பக்கமிருந்து காற்று மண்ணை அள்ளி எறிந்துகொண்டிருந்தது.

வீட்டுத்திட்டத்தில் கட்டிய சிறிய வீடு. முற்றத்தில் வலை காயப் போட்டிருந்தது. பரமேஸ்வரி அக்கா என்னை உடனே அடையாளம் கண்டுவிட்டார்.

"இங்கிலிஸ் சேர் தானே. வாங்கோ, இருங்கோ" என்று கதிரையை இழுத்துப் போட்டார்.

அறுபத்தைந்து வயது இருக்கும். கணவர் போரின் கடைசி மாதங்களில் ஷெல் விழுந்து இறந்துபோனார் என்று, வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்வது போலச் சொன்னார். தேத்தண்ணி தந்தார். கனடாவில் குளிர் எப்படி, எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். ஒரு மகள் என்பதைச் சொல்லாமல் குளிரைப் பற்றி மட்டும் சொன்னேன். எவ்வளவோ தயார்படுத்திக்கொண்டு போயிருந்தேன். எல்லாம் போய்விட்டது.

"அக்கா, நான் கயல்விழியின்ரை கழுத்திலை ஒரு மட்டையைப் போட்டனான்" என்றேன்.

அவர் என் கையில் இருந்த வெறும் கோப்பையை வாங்கி நிலத்தில் வைத்தார்.

"தெரியும் சேர். அதோடைதான் வந்தவள். நான்தான் கழட்டி அடுப்புக்கை போட்டனான்."

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். இனிப் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று பிள்ளை பிடிவாதமாக நின்றது. அடித்தும் பார்த்தார். ஏன் என்று கேட்டால், எனக்கு அங்கே கதை வரவில்லை அம்மா என்று மட்டும் சொல்வாளாம். பிறகு கொண்டுபோனார்கள். நாலு மாதத்தில் காலில் காயத்தோடு ஓடி வந்துவிட்டாள். கடைசி வரைக்கும் தாயோடுதான் நின்றாள். எல்லாம் முடிந்து சனம் வட்டுவாகல் பாலத்தைக் கடந்தபோது, ஒரு நாள் இயக்கத்தில் இருந்திருந்தாலும் வந்து பதியுங்கள், விசாரித்துவிட்டு விட்டுவிடுவோம் என்று இராணுவத்தினர் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள்.

"அவள் வரமாட்டன் எண்டவள். நான்தான் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டுபோய்ப் பதிஞ்சனான். பஸ்ஸிலை ஏத்தினவங்கள். யன்னலாலை பாத்தவள். அவ்வளவுதான்."

என்னால்தான் என்று நான் சொல்லத் தொடங்கியதும் அவர் தடுத்தார்.

"நீங்கள் மட்டை போட்டனீங்கள், நான் கொண்டுபோய்க் குடுத்தனான். ஆரின்ரை பெரிசு எண்டு இனி இருந்து பாக்கவோ? அதுக்கு என்னட்டை நேரம் இல்லை, சேர்."

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. ஏசவும் இல்லை. உள்ளே போய் அலுமாரியைத் திறந்து ஒரு பொலித்தீன் பையைக் கொண்டுவந்தார். உள்ளே படிவங்கள், மூன்று மொழியிலும். ஆணைக்குழுக்களுக்குக் கொடுத்தவை, அலுவலகங்களுக்குக் கொடுத்தவை, கிடைத்ததாக எழுதித் தந்த துண்டுகள். கடைசியாகப் போன அலுவலகத்தில், பிறப்புப் பத்திரத்தில் ஒரு பெயரும் மற்ற அத்தாட்சியில் இன்னொரு பெயரும் இருக்கிறது, இது இரண்டு ஆட்கள் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். எந்த அத்தாட்சி என்று கேட்டேன். எடுத்துக் காட்டினார். ஓட்டத்தில் எல்லாவற்றையும் விட்டபோதும் அதை மட்டும் சட்டைக்குள் வைத்துக் காப்பாற்றியிருக்கிறார். ஆங்கிலப் பேச்சுப் போட்டியில் இரண்டாம் இடம். என்னுடைய கையெழுத்து.

பிறப்புப் பதிவுகாரர் 'ழ'வை ஆங்கிலத்தில் ஓர் எழுத்தால் எழுதியிருந்தார். நான் அதுதான் திருத்தமான முறை என்று இரண்டு எழுத்தால் எழுதியிருந்தேன். அந்த இரண்டு எழுத்தோடு பிள்ளை வேறு ஆளாகிவிட்டது.

வெளிநாட்டுக் குழு ஒன்று அடுத்த கிழமை கிளிநொச்சிக்கு வருகிறது, நேரே கையில் கொடுக்கலாம், ஆங்கிலத்தில் எழுதித் தாருங்கள் என்று பரமேஸ்வரி அக்கா கேட்டார். கொட்டகையில் எழுதித் தருகிற பிள்ளைக்கு நிறையப் பேருக்கு எழுத வேண்டியிருக்கிறது என்றார்.

நான் எழுதினேன். ஒரு பந்தி முடிந்ததும், என்ன எழுதினீர்கள் என்று தமிழில் சொல்லச் சொன்னார். கயல்விழி படிப்பில் மிகவும் ஆர்வமுள்ள மாணவி, ஆசிரியையாக வர வேண்டும் என்று கனவு கண்டவள் என்று தொடங்கியிருந்தேன். வாசிப்பவர்களின் மனதில் தைக்க வேண்டும் என்று அப்படி எழுதினேன்.

"அவள் அப்பிடி ஒண்டும் சொன்னதில்லை. பள்ளிக்கூடம் விட்ட பிள்ளை எண்டு எழுதுங்கோ."

"ஏன் விட்டவள் எண்டு கேப்பினம், அக்கா."

"கேட்டால் சொல்லத்தானே வேணும். எழுதுங்கோ."

எழுதினேன். பள்ளிக்கூடத்தில் தமிழ் பேசியதற்காக அவளுடைய ஆங்கில ஆசிரியர் அவள் கழுத்தில் அட்டை தொங்கவிட்டார், அந்த ஆசிரியர் நான், அதன் பிறகு அவள் பள்ளிக்கு வரவில்லை. சான்றிதழில் உள்ள பெயரும் பிறப்புப் பத்திரத்தில் உள்ள பெயரும் ஒருவருடையதே, வேறுபாட்டுக்குக் காரணமும் நானே. கீழே கையெழுத்து வைத்து, முகவரியும் தொலைபேசி இலக்கமும் மின்னஞ்சலும் எழுதினேன். என் வாழ்க்கையில் நான் எழுதிய ஆங்கிலத்தில் அலங்காரமே இல்லாத ஆங்கிலம் அதுதான்.

முடிந்ததும் அதை ஆங்கிலத்திலேயே வாசித்துக் காட்டச் சொன்னார். விளங்காதே என்று நான் சொல்லவில்லை. வாசித்தேன். கண்ணை மூடிக்கொண்டு, முழங்காலில் கையை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். மகளின் பெயர் வரும் இடத்தில் மட்டும் தலை கொஞ்சம் அசைந்தது.

7

திரும்பி வந்து அந்தக் கடிதத்தின் பிரதியை நெனிதாவிடம் கொடுத்தேன். இரண்டு தரம் வாசித்தார். நான் இவ்வளவு காலம் எழுதியதில் இப்படி ஒரு பக்கம் இல்லை என்றார். அதைப் பாராட்டாகச் சொல்லவில்லை. பிறகு, இதை உன் மொழியிலும் எழுது, உன் ஆட்கள் வாசித்து உன்னை ஏசட்டும், ஆங்கிலத்தில் எழுதினால் பாவம் என்பார்கள் என்றார்.

ஏச வேண்டியவர்கள் ஏசலாம். அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்து இன்று பிள்ளை குட்டியோடு இருப்பவர்கள் இதை வாசிக்கவும் கூடும். உங்களில் எத்தனை பேர் கழுத்தில் அந்த அட்டை தொங்கியது என்று எனக்கு நினைவில்லை. உங்களுக்கு நினைவிருக்கும்.

அபிக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. வாசித்துக் காட்டுவீர்களா என்று கேட்டிருக்கிறாள். காட்ட வேண்டும்.

புரட்டாதியில் ஒருநாள் வேலை முடிந்து வந்து கணினியைத் திறந்தபோது அந்தக் குழுவின் அலுவலகத்திலிருந்து ஒரு பதில் வந்திருந்தது. மூன்று வரி. உங்கள் கடிதம் கிடைத்தது, கீழ்க்கண்ட இலக்கத்தில் பதிவு செய்யப்பட்டுள்ளது, இனிமேல் தொடர்பு கொள்ளும்போது இந்த இலக்கத்தைக் குறிப்பிடவும். இங்கே மாலை ஏழு மணி, பூநகரியில் விடிந்துகொண்டிருக்கும். உடனே தொலைபேசி எடுத்தேன். பரமேஸ்வரி அக்கா குசினிக்குள் நின்றார் போல, பாத்திரச் சத்தம் கேட்டது. பதில் வந்திருக்கிறது என்றதும் சத்தம் நின்றது.

கொப்பி எடுத்து வரச் சொல்லி இலக்கத்தை ஒவ்வொன்றாகச் சொன்னேன். எழுதி முடித்து, திருப்பி வாசித்துச் சரி பார்த்தார்.

"அதிலை பிள்ளையின்ரை பேர் இருக்கோ, சேர்?"

இல்லை அக்கா, இலக்கம் மட்டும்தான் என்றேன்.

கொப்பியை மூடும் சத்தம் கேட்டது. பிறகு, ஆறரை பஸ்ஸை விட்டால் மத்தியானம்தான் அடுத்தது, கிளிநொச்சிக்குப் போகவேண்டும், பிள்ளையின் படத்தை இன்னும் துணியில் சுற்றவில்லை என்று சொல்லி வைத்துவிட்டார்.